நாற்பதாவது பெயர்

"நான் பாட்டெல்லாம் கேக்கிறதில்லைங்க. போட்டு விடுறதோட சரி."

முடிவெட்டுபவரின் கத்தரி நின்றது. காதோரம் குறைக்கட்டுமா என்றுதான் அவர் கேட்டிருந்தார். பாட்டைப் பற்றி அந்தக் கடையில் யாரும் மூச்சு விடவில்லை.

"அது சரிங்க. காதோரம்?"

"எடுங்க, எடுங்க. மீசையில மட்டும் கை வைக்காதீங்க. என் பேத்தி அதைப் பிடிச்சுத்தான் இழுக்கிறா. பொறந்து பதினோரு நாள்தான் ஆகுது. என்ன பிடிங்கிறீங்க!"

"எல்லாக் குழந்தையும் கைக்குக் கிடைச்சதைப் பிடிக்குங்க."

"பிடிக்கும். இப்படிப் பிடிக்காது."

"பேரு என்ன வச்சிருக்கீங்க?"

பெட்டிக்காரர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தார். "தெரியாதுங்க."

"இன்னும் வைக்கலையா?"

"வச்சாச்சு. எனக்குத் தெரியாது."

முடிவெட்டுபவர் அவர் தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்தார். கத்தரி மறுபடியும் ஓடியது.

பெட்டிக்காரர் என்பது முப்பது வருஷத்துப் பட்டப்பெயர். பாட்டுக் கம்பெனியின் விற்பனை ஆளாக, தோளில் கேசட் பெட்டியோடு கடை கடையாக ஏறி இறங்கியவர். பிறகு பெட்டிக்குள் சி.டி. வந்தது, பெயர் மாறவில்லை. அந்தக் காலத்தில் எல்லாம் நேர்மையாக நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. புது ஆல்பம் வந்தால் காலையில் மனைவியையும் மச்சானையும் பத்துக் கடைக்கு அனுப்புவார். "அந்தப் புதுப் பாட்டு கேசட் வந்துடுச்சா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மத்தியானம் இவர் பெட்டியோடு போவார். "காலையிலேர்ந்து உயிரை எடுக்கிறாங்கய்யா, இருபது குடுத்துட்டுப் போ" என்பார் கடைக்காரர். எட்டுப் பாட்டில் இரண்டு தேறும். அந்த இரண்டுக்காக ஜனங்கள் எட்டையும் வாங்குவார்கள். கேட்டு வருவதில் மனைவி கெட்டிக்காரி. கடைப்படி இறங்கும்போது ஒரு பெருமூச்சும் சேர்த்து விடுவாள். "சம்பளம் இல்லாத நடிகை நான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது கடையும் இல்லை, பெட்டியும் இல்லை. பாட்டெல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஆல்பம் மொத்தமாக வருவதில்லை, வாரத்துக்கு ஒரு பாட்டாக அவிழ்த்து விடுகிறார்கள். முன்னிசையை வெட்டிப் போட்டுவிட்டு எடுத்த எடுப்பிலேயே பல்லவியில் குதிக்கிறார்கள், ஏனென்றால் முப்பது நொடி ஓடினால்தான் ஒருவர் கேட்டதாக எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை ஏறினால்தான் பாட்டுப் போடும் ஆப் அதை நாலு பேருக்கு எடுத்து நீட்டும். ஆக, முதலில் கேட்பதற்கு ஆள் வேண்டும். பழைய கதைதான், கடைதான் மாறியிருக்கிறது.

அந்த ஆட்கள் கம்பெனியின் பழைய கேசட் கிடங்கில் இருக்கிறார்கள். கேசட் அடுக்கிய அதே மரத் தட்டுகளில் இருநூறு போன்கள் வரிசையாக நிற்கின்றன. சத்தத்தை அணைத்து வைத்திருப்பதால், இருநூறு பாட்டு ஓடும் அறையில் மின்விசிறி கிரீச்சிடுவது மட்டும்தான் கேட்கும். ஜன்னல் கிடையாது. போன்களின் சூட்டில் அறை, அப்போதுதான் இட்ட முட்டை போல எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நடுவில் ஒரு நாற்காலி, அதில் பெட்டிக்காரர்.

இவை மனிதர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் அவர். இதைக் கொஞ்சம் சாப்பிடப் போகச் சொல்லி நிறுத்துவார், அதற்கு ஒரு பாட்டு பிடிக்காதது போலத் தள்ளி விடுவார், இன்னொன்றைச் சீக்கிரம் தூங்க வைப்பார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு பெயரும் பிறந்த தேதியும் உண்டு. ஆரம்பத்தில் கற்பனையாக எழுதிப் பார்த்தார்கள். கற்பனை மனிதர்கள் எல்லோரும் ஒன்றாம் தேதியோ பதினைந்தாம் தேதியோதான் பிறந்தார்கள். ஆப் மோப்பம் பிடித்து அந்தக் கணக்குகளை மூடிவிட்டது. "உங்களுக்குச் சொந்தபந்தம் அதிகமாச்சே அங்கிள்" என்றார் சின்ன முதலாளி. பெரிய முதலாளியின் மகன் அவர், வயது முப்பது. பெட்டிக்காரரும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார். மச்சான், தங்கை, தங்கை வீட்டுக்காரர், சகலை, சித்தப்பா பிள்ளைகள், மகள் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டில் ஏழு பேர். யாருக்கும் தெரியாது. "பாட்டுன்னாலே எனக்குத் தலைவலி" என்று சொல்லும் சம்பந்தியம்மா, எண்பத்தெட்டாம் நம்பரில் தினம் ஒன்பது மணி நேரம் குத்துப்பாட்டு கேட்கிறார்.

பதினேழாம் நம்பர் அவர் மனைவி. போன வருஷம் கண்ணை மூடியவள். அந்தப் போனை எடுத்துவிடலாம் என்று பத்துத் தடவையாவது கையை நீட்டியிருப்பார். எடுக்க மனம் வரவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது முதலில் அதைத்தான் நிறுத்துவார்.

ஒரு தடவை வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்.

"தாராளமாப் போங்க அங்கிள்" என்றார் சின்ன முதலாளி. "உங்க சொந்தக்காரங்க எல்லாரும் இங்கதானே இருப்பாங்க. நாளைக்கு யாராச்சும் வந்து இந்தப் பேரெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, நான் யாரைக் கூப்பிடுறது?"

பெட்டிக்காரர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். புலிவாலைப் பிடித்தவன் கதை.

பதினோரு நாளுக்கு முன்னால் காலை பதினோரு மணிக்கு மகளிடமிருந்து ஆஸ்பத்திரி செய்தி வந்தது. மனுஷன் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். பேத்தியைக் கையில் வாங்கினார். ஒரு கைப்பிடி உயிர், மூடிய கண், அத்தனை சின்ன நகம். அவ்வளவுதான், உலகமே மறந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் கிடங்கின் ஞாபகம் வந்தது.

இருநூறு பேரும் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரே பாட்டை இருபத்திரண்டு மணி நேரம் விடாமல் கேட்டிருந்தார்கள். பெத்த பிள்ளை பாடினால்கூட அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். ஆப் நாற்பது பெயர்களை மூடியிருந்தது. பதினேழு தப்பியிருந்தது.

"நாப்பது பேரைக் கொன்னுட்டீங்களே அங்கிள்."

"பேத்தி பொறந்துட்டா தம்பி."

"சந்தோஷம். அதுக்கு நாப்பது பேரா?"

மறுநாளே கதவுப் பூட்டு மாறியது. உள்ளே போகவும் வெளியே வரவும் சின்ன முதலாளியின் கட்டைவிரல் ரேகை வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் பெட்டிக்காரர் போன் போட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். அறுபது வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சுண்டுவிரல் தூக்குகிறார்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக வரப்போவது குழந்தைப் பாட்டு ஆல்பம். தாலாட்டு, எண்ணிக்கைப் பாட்டு, பல் தேய்க்கும் பாட்டு. "அம்பது வயசுக்காரங்க பல் தேய்க்கிற பாட்டு கேட்டா எவன் நம்புவான்? நாப்பதும் குழந்தையா வேணும்" என்றார் சின்ன முதலாளி.

பெட்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். தாத்தா ஆகிவிட்டேன் என்று சொல்லத்தான் செய்தார், அதில் பொய்யில்லை. சொல்லி முடித்து, அவர்கள் வாழ்த்தி முடித்த கையோடு, "உங்க வீட்டுச் சின்னதுங்க பொறந்த நாளெல்லாம் சொல்லுங்க, இனிமே மறக்காம வாழ்த்து சொல்லணும்" என்பார்.

"அண்ணனுக்கு எவ்வளவு பாசம் பாரு!" என்று தங்கை அந்தப் பக்கம் தன் மருமகளிடம் சொல்வது அவர் காதில் விழுந்தது. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. முப்பத்தொன்பது பெயர் சேர்ந்துவிட்டது.

நேற்று மத்தியானம் சின்ன முதலாளி பட்டியலைப் பார்த்தார். "குழந்தை பேர்ல கணக்கு இருக்கிறதுக்கு ஆப்காரங்க இப்போ திடீர்னு பேப்பர் கேக்கிறாங்க அங்கிள். ஒரு பிறப்புச் சான்றிதழாவது நம்ம கைல இருக்கணும். உங்க பேத்தியோடது வந்திருக்குமே? பேரைப் போட்டு, பேப்பரை ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க. நாப்பது முடிஞ்சுது."

"அவ பத்து நாள் குழந்தை தம்பி."

"தாலாட்டுக்கு அவளை விட நல்ல ஆள் யாரு?" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நாற்பதாவது வரி காலியாகக் கிடந்தது. பெட்டிக்காரர் சாயங்காலம் வரை அதையே பார்த்தார். எழுதமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவருக்கு அவரைத் தெரியும். மனைவி பெயரை எழுதும்போதும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். தங்கை பேரனை எழுதும்போதும் பேனா ஒரு நொடி நின்றது, அவ்வளவுதான். மாட்டேன் என்பது வாய். எழுதுவது கை.

இன்று காலை வீட்டில் ஒரே குதூகலம். சம்பந்தியம்மா பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குட்டி ஊரையே விலைக்கு வாங்கியவள் போலக் கைகாலை உதறியது. "பாருங்க சம்பந்தி, உங்க மீசையைத்தான் தேடுறா" என்றார் அவர். பெட்டிக்காரர் குனிந்து முகத்தைக் கொடுத்தார். பிடித்தாள். விடவில்லை.

மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, நேத்து ராத்திரி ஒருவழியா பேரை முடிவு பண்ணிட்டோம். ரெண்டு வீட்லயும் உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு வச்சிருக்கேன். இவர் போய்ப் பதிவு பண்ணிட்டு, மத்தியானமே சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுவாரு. சொல்லட்டுமா?"

மீசை இன்னும் பேத்தியின் கைக்குள் இருந்தது. அதனால் அவர் நிமிரவில்லை.

"வேணாம்மா, சொல்லாத. நான் பாப்பான்னே கூப்பிட்டுக்கிறேன். அந்தப் பேப்பர் வந்தா என் கண்ணுல படாத இடத்துல வச்சுப் பூட்டிடு. நான் வந்து கேப்பேன். கெஞ்சிக்கூடக் கேப்பேன். குடுத்துடாத."