செல்வியின் நூலக அட்டை

வேங்கிக்கால் பைண்டிங் கடையிலிருந்து மைதாப் பசை வாசனை வந்தால் நான் இன்றும் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். இப்போது லாட்ஜ் நிற்கும் கோயில் மதிலோரத்தில், அதே வாசனையோடு ஒரு நூலகம் இருந்தது. மின்விசிறி கிறீச்சிட, நூலகர் விரலை நனைத்து, திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாக எண்ணித்தான் வாங்குவார். பௌர்ணமியன்று மட்டும் கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து சீக்கிரம் பூட்டுவதால் எண்ணமாட்டார்.

நிரபராதி ஒருவன் தூக்குக்குப் போகும் நாவலை அழுதழுது படித்த நான், அவன் கடைசியாகப் பேசும் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, ஒரு பௌர்ணமியன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்து எடுத்தவள் என் வகுப்புத் தோழி செல்வி. அவள் திருப்பியபோது நூலகர் எண்ணினார்.

“நான் எடுத்தப்பவே இல்லைங்க சார்.”

“அப்போ பக்கம் கிரிவலம் போயிருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பின்னால் நின்ற நானும் சிரித்தேன். நூலகர் முறைப்படி என்னிடமும் விசாரித்தார். “நீ சொல்லும்மா. நீ படிச்சப்போ அந்தப் பக்கம் இருந்துச்சா?”

செல்வி என்னையே பார்த்தாள்.

“இருந்துச்சு சார்.”

அவளுடைய அட்டையை நான்காகக் கிழித்தார். அவள் பிறகு அங்கே வரவேயில்லை.

பணிக்காலம் முழுவதும் விசாரணைக் கோப்புகள் பார்த்தேன். என்னுடையதைப்போல ஒரு சொல்கூடப் பொய்யில்லாத சாட்சியம் எதிலும் இல்லை.