செடி மட்டத்துக்கு வராத பெண்

என் அப்பா படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியும். அவர் அங்கே இருந்தது ஒரு மழைக்காலம் மட்டும். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதோ ஆயுள் முழுவதும். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையில், தொட்டில்களுக்கு நடுவே மணலைப் பரப்பி எழுதினார்களாம். வாத்தியார், ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணிக்குத் தூரத்து உறவாம். கங்காணிக்கு ஊர்க் கடிதம் எழுதும் வேலை இல்லாத நாளில் பாடம் நடக்குமாம். "அந்தப் படிப்பெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று பெருமூச்சு விடுவார். எனக்கும் அதே சந்தேகம்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் அவர் நீட்டுவது பெருவிரலை.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. தகரக் கூரை வந்தது. டிக்கோயா மழை அதன்மேல் இறங்கினால் வாத்தியாரின் வாய் அசைவது மட்டும் தெரியும். ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. இரண்டாம் வகுப்பிலேயே நான் ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டதற்கு என் அறிவு மட்டும் காரணமல்ல, நடுவில் சுவர் இல்லாததும் காரணம். அறிவும் இருந்தது, அதை மறைப்பானேன்? தேயிலைக் கொழுந்து நிறைய வரும் மாதங்களில் பெரிய பிள்ளைகள் அதைப் பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வோம். என் தம்பிக்கு எட்டாம் வாய்ப்பாடு பிடிக்காது. அது வந்தால் என் பாவாடையை நனைத்துவிடுவான்.

ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடத்தின் சரக்கு தீர்ந்துவிடும். மேலே படிக்க ஹட்டன் டவுனுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்துக் கூடை தூக்க வேண்டும். எனக்கு ஹட்டன் வேண்டும். வாத்தியாரும் அதையே சொல்லியனுப்பினார்.

"புள்ள படிக்கட்டுமேங்க," என்றாள் அம்மா.

"படிச்சு? தொர பங்களாவுலயா குடியிருக்கப் போறா?" என்றார் அப்பா.

பேர் பதிவதிலும் முன்னேற்றம் வந்திருந்தது. அப்பா காலத்தில் நடக்கத் தெரிந்தால் போதும், வேலைக்காரன். இப்போது சின்னப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக்கூடாதாம். ஆனால் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் யாருக்கு வயது சரியாகத் தெரியும்? ஆகவே மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒரு விஞ்ஞான முறையைக் கண்டுபிடித்திருந்தார். பிள்ளையைத் தேயிலைச் செடி அருகே நிறுத்துவார். செடி இடுப்பளவு என்றால் வேலை. நெஞ்சுக்கு மேலே போனால் வீடு.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். ஓங்கி வளர்ந்த செடிகளைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு இறக்கும் வேலை. எவ்வளவு ஓங்கிய செடிகளைத் தான் இறக்கப்போகிறார் என்று காட்டிக்கொள்ள ஆசை அவருக்கு. அதனால் அடுத்து தான் வெட்டப்போகும் மலையில் கண்டாக்கையா நிற்கும் நேரம் பார்த்து, என் நெற்றியில் விபூதி பூசி, புதுக் கூடையோடு அங்கேயே கூட்டிப் போனார். வருடக்கணக்கில் கத்தி படாத மலை அது.

"செடிகிட்ட நில்லு புள்ள," என்றார் கண்டாக்கையா.

நின்றேன். செடிக்கு மேலே என் தலை மட்டும் தெரிந்தது. முழங்காலை மடக்க நினைத்திருந்தேன், தேவையே இருக்கவில்லை.

"என்னப்பா இது? இவ கொழுந்து எடுக்கிறது இருக்கட்டும், இவளையில்ல நாங்க செடிக்குள்ள தேடணும்! அடுத்த வருசம் கூட்டிட்டு வா."

"ஐயா, இது கவ்வாத்துக்கு நிக்கிற மலைங்க. அங்கிட்டு வெட்டி வந்த மலையில நிறுத்திப் பாருங்க, சரியா இருப்பா."

"ஒம் மகளுக்காக நான் செடி தேடிக்கிட்டுத் திரியணுமா? போய்யா!"

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு லயம் வரை எங்கள் கூடவே வந்தது. வாசலில் பக்கத்துக் காம்பரா அக்கா நின்றாள்.

"என்னண்ணே, பேரு பதிஞ்சாச்சா?"

"யாரு பதியச் சொன்னா?" என்றார் அப்பா. "எம் மகள டவுனுக்குப் படிக்க அனுப்பப் போறேன். அதச் சொல்லத்தான் கண்டாக்கையாகிட்ட போனேன்."

"புதுக் கூடையோடயா?"

"அது... எம் பொஞ்சாதிக்கு."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினாள். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அன்று அவளுக்கு ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆனது. அவள் திரும்பி வருமுன் நான் ஹட்டனில் படிக்கப்போகும் செய்தி கடைசி லயத்துக்கும் போய்விட்டது. கோயிலடியில் அப்பாவைப் பாராட்டினார்கள். பாராட்டை அவர் மறுக்கவில்லை.

அடுத்த வருடம் கண்டாக்கையா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இப்ப ஒம் மக மட்டத்துக்கு வந்திருப்பாளே? நாளைக்கு அனுப்பு."

அப்பா தலையைச் சொறிந்தார். "அவ படிக்கிறாளுங்க. தோட்டம் முழுக்கச் சொல்லித் தொலைச்சிட்டேன். இனி எப்படீங்கய்யா நிறுத்துறது?"

நான் உள்ளே இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கண்டாக்கையா படியிறங்கிப் போகும்வரை குரலைக் குறைக்கவில்லை.