வாங்கில் சொன்ன வருத்தம்

என் மாமியாருடைய வருத்தத்தை முழுசாகக் கேட்டவர்கள் ஆஸ்பத்திரி மண்டபத்தின் நீள வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான். டொக்டருக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இது எனக்குத் தெரிய வந்தது மிகவும் பிந்தித்தான்.

நாங்கள் இருப்பது லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார், இரண்டு நாள் தாயைக் கொஞ்சுவார், போய்விடுவார். மாமியை மாதாமாதம் கிளினிக்குக் கூட்டிப்போவது என் தலையில்தான் விழுந்தது. நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, பனி விலகுவதற்கு முன்பே கிளம்பி, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிடித்துப் போனாலும் நமக்கு முன்னால் அரை மண்டபம் நிறைந்திருக்கும். இவர்கள் எல்லாம் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம்பர் துண்டு வாங்கி, பிரஷர் பார்த்து, வாங்கில் இடம் கிடைத்ததும் மாமி செருப்பைக் கழற்றுவார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம், "ஒங்களுக்கு என்னா வருத்தம்?" என்று கேட்பார். அது சும்மா மரியாதைக்குக் கேட்பது. அந்த அம்மா தன் சீனி வருத்தத்தைப் பாதி சொல்வதற்குள் மாமி தன்னுடையதை எடுத்துவிடுவார்.

"ஏத்தம் ஏறுனா நெஞ்சப் புழியுதுங்க. ஈரத்துணிய முறுக்கிப் புழியிற மாதிரி. பொறவு அப்புடியே தாடை வரைக்கும் போகுது." கையை முஷ்டியாக்கி நெஞ்சில் வைத்து முறுக்கிக் காட்டுவார். "படுத்தா தண்ணிக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. எந்திரிச்சு உக்காந்தாத்தான் மூச்சு வருது." அதோடு நிறுத்த மாட்டார். சேலையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலில் விரலால் அமுக்கி, விழுந்த குழியை எல்லாரையும் எட்டிப் பார்க்கச் சொல்வார். பச்சை சுவெட்டர் போட்ட பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், ஒவ்வொரு மாதமும் அந்தக் குழியைப் பார்த்து, "போன மாசத்த விட ஆழமா இருக்கே" என்று சொல்வார். அதில் மாமிக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எங்களுக்குக் கிளினிக் ஒரே கிழமையில்தான் என்பதால் முகங்களும் அதேதான். மாமியின் வருத்தம் அந்த வாங்குக்கு மனப்பாடம். எனக்கு வெட்கமாக இருக்கும். "ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா மாமி?" என்பேன். "சொன்னா நெஞ்சு கொஞ்சம் லேசாகுது புள்ள" என்பார்.

மதியம் ஆகும். கொண்டுபோன ரொட்டியும் சம்பலும் முடிந்திருக்கும். கடைசியில் அட்டெண்டன் நம்பரைக் கூப்பிடுவார். அறைக்குள் நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி. கூட வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனால் நிற்கவே இடம் இருக்காது என்று அவர் கையை நீட்டி மறித்துவிடுவார். மாமி மருந்து எழுதும் கிளினிக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். நான் போத்தலைத் திறந்து ஒரு மடக்குத் தேத்தண்ணி குடித்து மூடுவதற்குள் வெளியே வந்துவிடுவார்.

"எல்லாம் சொன்னீங்களா?"

"சொன்னேன், சொன்னேன்."

"நெஞ்சு புழியிறது?"

"அதத்தான் மொதல்ல சொன்னேன். தொர நல்லாக் கேட்டுக்கிட்டாரு."

"அவரு டொக்டர் மாமி, தொர இல்ல."

"மேசைக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்க எல்லாம் தொரதான்" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கும் வரிசையைப் பார்த்து நடப்பார். மறுபடி ஒரு வரிசை, மறுபடி ஒரு காத்திருப்பு. அதே மாத்திரைகள். கேட்டுக்கொண்டவர் ஏன் மருந்தை மாற்றவில்லை என்று நான் யோசிப்பேன். நாள் முழுக்கக் காக்க வைத்து ஒரு நிமிடத்தில் துரத்திவிடுகிறார்களே என்று பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவேன். மாமி ஜன்னல் ஓரத்தில் தூங்கிவிடுவார்.

ஒரு மாதம் கிளினிக் நாளில் கரண்ட் போய்விட்டது. வெளிச்சத்துக்காக டொக்டரின் அறைக் கதவைத் திறந்துவைத்து, சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். மாமி உள்ளே போனபோது நான் கதவுக்கு நேரே நின்றிருந்தேன். டொக்டர் இளவயதுக்காரர், சிங்களவர், தேவையான தமிழைப் படித்து வைத்திருந்தார். கொப்பியில் குனிந்தபடியே கேட்டார்.

"அம்மா, சுகமா?"

"சுகந்தாங்க தொர."

"நெஞ்சு வலி இருக்கா?"

"இல்லீங்க."

"மூச்சு கஷ்டமா?"

"ஒன்னுமில்லீங்க. நல்லா இருக்கேன்."

மாமி உட்காரவே இல்லை. நாற்காலி இருந்தது. அதன் பக்கத்தில் கைகளைக் கட்டி, தலையை லேசாகக் குனிந்து நின்றிருந்தார். குரலும் அவருடைய குரல் இல்லை. வாங்கில் முஷ்டியை முறுக்கிக் காட்டிய மனுஷியை யாரோ வாசலிலேயே நிறுத்திவிட்டு, வேறு ஒருவரை உள்ளே அனுப்பியது போல் இருந்தது.

வெளியே வந்ததும் வழக்கம்போல், "எல்லாம் சொல்லிட்டேன்" என்றார்.

நான் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசல் என்றும் பாராமல் சத்தம் போட்டேன். பொய் சொல்லத்தானா விடியற்காலையில் எழும்பி வருகிறோம் என்று கேட்டேன். மாமி கோபப்படவில்லை.

"பொய் இல்ல புள்ள. நான் சொல்லத்தான் போறேன். வாய்தான் அப்புடிச் சொல்லுது" என்றார்.

பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவராகவே சொன்னார். விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், வருத்தம் என்று யாராவது வாயைத் திறந்தால், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்களாம். அன்றைய பேர் போய்விடும், கூலியும் போய்விடும். ஆகவே காய்ச்சல் கொதித்தாலும், வயிற்றில் பிள்ளை இருந்து தலை சுற்றினாலும், எதிரே நிற்பவர் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்வது. அப்படிச் சொல்லித்தான் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தது, அப்படித்தான் என் கணவரையும் வளர்த்தது.

"இப்பதான் பெரட்டு இல்லையே மாமி. பென்சன் எடுத்து எவ்வளவு காலமாச்சு."

"எனக்குத் தெரியுது. வாய்க்குத் தெரியலயே."

அந்த மாதம் முழுவதும் அவரைக் கவனித்தேன். சமையலறைக்குள் வரும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுதான் உள்ளே வருவார். "என்னா மாமி?" என்றால், "ஒன்னுமில்ல" என்பார். முன்பெல்லாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் பயம் பிடித்தது. அடுத்த கிளினிக்கில் என்ன நடந்தாலும் அந்த அறைக்குள் நானும் போய், நானே சொல்வது என்று முடிவு செய்தேன்.

அந்த நாளும் வந்தது. நான் முதல் வேலையாக அட்டெண்டனிடம் போனேன். கெஞ்சினேன், பிறகு கொஞ்சம் முறைத்தேன். "சரி சரி, ஒங்க நம்பர் வரும்போது கூட வாங்க. ஆனா சுருக்கா சொல்லிட்டு வந்திரணும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரும்பி வந்து மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். நெஞ்சு, தாடை, மூச்சு, கால். மாமி சொல்லும் வார்த்தைகளிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மாமி செருப்பைக் கழற்றவில்லை. பக்கத்தில் யார் என்று பார்க்கவும் இல்லை. பச்சை சுவெட்டர் அக்காதான் குனிந்து, "என்னாங்க, இன்னைக்கு நெஞ்சு எப்புடி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்ல" என்றார் மாமி.

அந்த வாங்கில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். மாமியின் நெற்றி வியர்த்திருந்தது. அந்தக் குளிரில். நான் எழுந்து கதவுக்கு ஓடினேன். எங்களுக்கு முன்னால் இன்னும் சில பேர்தான் இருந்தார்கள். அட்டெண்டன் என்னைப் பார்த்து, "பொறுங்க, கூப்புடுவேன்" என்றார். பின்னால் அக்கா கத்தும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மாமி வாங்கிலிருந்து சரிந்து, அக்காவின் மடியில் கிடந்தார்.

கதவு திறந்தது. டொக்டர் ஓடி வந்தார். சிமெந்துத் தரையில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, மாமியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். மேசை இல்லை. கொப்பி இல்லை. அடுத்த நம்பரை யாரும் கூப்பிடவில்லை. அத்தனை மாதங்களில் முதல் தடவையாக அவர் மாமியின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"அம்மா, என்ன செய்யுது? சொல்லுங்க."

நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்போதுதான் வாங்கு பேசியது. "நெஞ்சு புழியுதுன்னு சொல்லுவாங்க, ஈரத்துணி மாதிரி" என்றார் அக்கா. "தாடைக்கு ஏறுமாம்" என்றார் ஒருவர். "படுக்க முடியாதாம், உக்காந்துதான் தூங்குறது" என்றார் இன்னொருவர். "காலப் பாருங்க தொர, குழி விழுகும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். எல்லாம் மாமியின் வார்த்தைகள். டொக்டர் ஒவ்வொருவர் முகமாக நிமிர்ந்து பார்த்தார். கேட்கக் கேட்க அவருடைய முகம் வெளிறிக்கொண்டே போனது.

மாமி கண்ணைத் திறந்தார். டொக்டரைப் பார்த்தார். படுத்துக்கிடந்தபடியே இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"அதெல்லாம் சும்மா சொல்றாளுக தொர" என்றார். "ஒன்னுமில்லீங்க. நல்லா இருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், என்னென்னவோ செய்தார்கள். நாங்கள் வழக்கமாகத் திரும்பும் பஸ் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

டொக்டர் என்னைத் தேடி வந்தார். "ஏன் இவங்க ஒருநாளும் சொல்லல?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் பொங்கியது, அழுகையும் வந்தது. பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதைப் பெரட்டிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத்தில் பாதிப் பேர் இன்னும் நம்பர் துண்டோடு காத்திருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது வீட்டில் நான் யாரையும் "என்னா?" என்று கேட்பதில்லை. சமையலறை நிலைப்பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன், ஆனால் கேட்க மாட்டேன். கேட்டால், "ஒன்னுமில்ல" என்று பதில் வந்துவிடும் என்று பயம். கணவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், அதனால் சொன்னதில்லை.

போன மாதம் எனக்கும் பிரஷர் என்று கிளினிக் கொப்பி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதே மண்டபம், அதே வாங்கு. பச்சை சுவெட்டர் அக்கா என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார். மாமி உட்காரும் இடம். தயங்கி உட்கார்ந்தேன். "ஒங்களுக்கு என்னா?" என்று கேட்டார். தலை சுற்றுவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது கண் இருட்டுவது, மாமி போனதிலிருந்து தூக்கம் இல்லாதது என்று ஒன்று விடாமல் சொன்னேன். நெஞ்சு கொஞ்சம் லேசானதும் உண்மைதான்.

நம்பர் கூப்பிட்டார்கள். அதே டொக்டர். கொஞ்சம் மெலிந்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"என்ன வருத்தம்?"

"ஒன்னுமில்லீங்க" என்றேன். "நல்லா இருக்கேன்."

நான் ஒருநாளும் பெரட்டில் நின்றவள் இல்லை. கொழுந்துக் கூடையைத் தூக்கியவளும் இல்லை. ஆனாலும் அது என் வாயிலிருந்துதான் வந்தது. கைகள் கட்டியிருந்தன. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இப்போதெல்லாம் எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கிறார் போலிருக்கிறது, பழகிப்போன குரலில் கேட்டார்.

"வெளிய வாங்குல என்ன சொன்னீங்க?"

முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கம், மாமி நிற்கிறார் என்று தோன்றியது. அதெல்லாம் சும்மா என்று அவர் சொல்லிவிடுவதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினேன்.