இரண்டு ஜன்னல், ஒரு ஏணி

தீயணைப்பு நிலையத்தின் ஏணி வண்டியில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கிடையாது. தண்ணீர் வண்டி வேறு, அதன் ஆட்கள் வேறு. இது தெரியாத ஊர், ஏணிக்காரரைப் பார்த்தாலே, "தண்ணியை அடிங்கய்யா, என்ன வேடிக்கை பாக்குறீங்க?" என்று கத்தும். பத்தொன்பது வருடமாக வாங்கிய திட்டுக்கு அவர் பதில் சொன்னதில்லை. அவர் வேலை ஆளை இறக்குவது. ஏணி நுனியிலிருக்கும் கூண்டில் கூட்டாளி ஏறுவார். இவர் கீழே நின்று ஏணியைத் திருப்பும் லீவரைத் தள்ளுவார்.

போன மாதம் ஒரு மதியம், ஆறாவது மாடியில் இரண்டு ஜன்னல்களிலிருந்து இரண்டு கைகள் ஆடின. முகம் தெரியாத புகை. ஏணியோ ஒன்றுதான். இடப்பக்கம் திருப்பினார். அங்கே ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அவர்களை இறக்கிவிட்டு வலப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது கை ஆடவில்லை. இறக்கியது உடலைத்தான்.

செய்தித்தாள் குழந்தையைப் படம் போட்டது. நிலையத்தில் கை தட்டினார்கள். வீட்டில் இவர் அலமாரி முன்னால், நீலச் சட்டையா வெள்ளையா என்று கால் மணி நேரம் நின்றார்.

"என்னைக் கட்டிக்கவே இவ்வளவு யோசிக்கலையே நீங்க!" என்றாள் மனைவி.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்து வைத்தார்.

விசாரணைக்கு அழைத்த அதிகாரி நல்லவர். "ஏன் இடது முதல்லன்னு கேக்குறாங்க. குழந்தையைப் பாத்தேன்னு எழுதிடுய்யா, விஷயம் முடிஞ்சுது."

"பாக்கல சார். புகைதான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அங்க திருப்பின?"

"அது கிட்ட இருந்துச்சு."

"இப்படி எழுதினா உன்னை லீவரைத் தொட விடுவாங்களா? பொண்டாட்டி புள்ளைங்களை நினைச்சுப் பாருய்யா."

நினைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. 'கிட்ட இருந்தது' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அருகிலுள்ள ஜன்னலுக்கு முதலில் செல்வதே விதியாம். இவர் விதியை முறையாகப் பின்பற்றியிருக்கிறாராம். லீவர் இவரிடமே இருக்கலாமாம். திட்டுக்குத் தயாராக இருந்த மனிதருக்குப் பாராட்டு வந்தால் என்ன செய்வார்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர். ஒரே ஜன்னல். இறக்கியாயிற்று. தரையைத் தொட்டதும் பெரியவர், செருப்பை மேலேயே விட்டுவிட்டு வந்ததற்காகக் கூண்டிலிருந்த கூட்டாளியோடு சண்டைக்கு நின்றார். ஏணிக்காரர் லீவரை விடாமல் மற்ற ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சாத்தியிருந்தன.

"அண்ணே, எல்லாரும் இறங்கியாச்சு. ஏணியை மடக்குங்க" என்றார் கூட்டாளி.

"ம்."

மடக்கவில்லை. முதல் மாடியிலிருந்து ஜன்னல்களை மறுபடி எண்ணத் தொடங்கினார்.