திண்ணனூர் லைனுக்கு மட்டும் ஒரு தனி வேகம்

காலை பதினொன்று இருபதுக்குத் திண்ணனூர் நாட்டுக் கிளை மையத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவன் நான். பேசியவள் என் மகள் நஸீமா.

"அத்தா, டாக்டரம்மாவக் கூப்புடுங்க. நெஞ்சுவலின்னு ஒருத்தரத் தூக்கிட்டு வந்திருக்காங்க. ஈசிஜி எடுத்துட்டேன். மேடம் உடனே பாக்கணும். நான் ஒயர மாத்துறேன், நீங்க கனெக்ட் பண்ணுங்க."

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். நான் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தேன். அன்று காலைதான் அந்தக் கம்ப்யூட்டரில் ரிமோட் சாப்ட்வேரைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றியிருந்தேன்.

ஒரு லைன், இரண்டு வேலை

இன்று கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படி வாழவந்தி நாட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தப் பிரிவு முழுவதும் நான்தான். எங்களிடம் ஒரே டாக்டரம்மா. தேவனூர், குண்டூர், திண்ணனூர் நாடுகளில் எங்களுக்குக் கிளை மையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஒரு கம்ப்யூட்டர், அதோடு இணைத்த ஈசிஜி கருவி.

மையத்தில் நர்ஸ் ஈசிஜி எடுப்பாள். இங்கிருந்து நான் மோடம் வழியாக அந்த மையத்துக்கு டயல் செய்வேன். ரிமோட் சாப்ட்வேர் அங்குள்ள திரையை அப்படியே இங்கே கொண்டுவந்து காட்டும். டாக்டரம்மா பார்த்து மருந்து சொல்வார். நோயாளியைக் கூட்டிவரக் கிளம்பும் எங்கள் ஜீப் மலைப்பாதையில் ஒரு வளைவைத் திரும்புவதற்குள் வைத்தியம் தொடங்கிவிடும்.

மையங்களில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். போன் பேசினால் திரை வராது. திரை வந்தால் பேச முடியாது. அதனால் நர்ஸ் முதலில் போனில் தகவல் சொல்லிவிட்டு, ஒயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகுவாள். திரை கிடைக்கவில்லை என்று தெரிந்தால் மறுபடி ஒயரைப் போனுக்கு மாற்றி எங்களைக் கூப்பிடுவாள். அதற்குள் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

அந்த இருட்டுதான் அன்று என்னைக் கொன்றது. நஸீமாவுக்கு அது முதல் வேலை. வீடு மலையடிவாரத்தில், என் அண்ணன் தம்பிகள் எல்லாம் கடை வைத்திருப்பவர்கள். "பொம்பளப்புள்ளைய மலைக்காட்டுல தனியா வுட்டுட்டு நீ எப்புடிடா தூங்குற?" என்று அவர்கள் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. நான் தூங்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் கையில் ஓர் உயிர் போய்விட்டால் அவள் அந்த வெள்ளைச் சீருடையை மறுபடி போடுவாளா என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

காலையில் நடந்தது

அறக்கட்டளையின் டவுன் ஆபீஸ் மேனேஜர் முந்தின வாரமே புது சிடியை அனுப்பிவிட்டார்.

"பாய், பழச அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் புதுச போட்டுருங்க. பல்லு வெளக்குற நேரந்தான் ஆகும்."

"பழசுல நம்ம கனெக்ஷன் செட்டிங்ஸ் எல்லாம் இருக்குதுங்க சார்."

"எல்லாத்தையும் புதுசு தானே எடுத்துக்குமுங்க. நீங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுறீங்க."

பயப்படுவது என் சுபாவம். அதனால் பழையதை அழிக்கவில்லை. அதன் போல்டரை முழுசாக டி டிரைவில் காப்பி எடுத்து வைத்தேன். பிறகு பழையதன் மேலேயே புதியதை இன்ஸ்டால் செய்தேன். இருக்கும் அமைப்புகளை வைத்துக்கொள்ளவா என்று அது கேட்டது. ஆமாம் என்று டிக் அடித்தேன். வேலை முடிந்து புது ஜன்னல் திறந்தபோது மூன்று மையங்களின் பெயர்களும் வரிசையாக நின்றன. தேவனூரைக் கூப்பிட்டேன், திரை வந்தது. குண்டூரும் வந்தது. பழையதைவிட வேகமாகவே வந்தது.

திண்ணனூரை அழுத்தப் போகும்போது மருந்தகத்திலிருந்து பழனிசாமி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், மணி பத்தாச்சு, இன்னும் புள்ளைக்கு லைன் டெஸ்ட் பண்ணலீங்களா? ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். திண்ணனூர் லைனை மட்டும் நான் அடிக்கடி "டெஸ்ட்" செய்கிறேன் என்பது மலைமுழுக்கத் தெரிந்த கதை. நஸீமாவே போன வாரம் சண்டை போட்டிருந்தாள்: "லைன் நல்லாருக்குதான்னு கேக்குற சாக்குல என் சத்தத்தக் கேக்குறீங்கத்தா. எல்லாரும் சிரிக்கிறாங்க. இனிமே கூப்புடாதீங்க."

சரி, மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். தேவனூரும் குண்டூரும் வந்தபின் திண்ணனூர் மட்டும் வராமலா போகும்?

வரவில்லை

முதல் முறை டயல் செய்தேன். அந்தப் பக்கம் மோடம் எடுத்தது. கீச்சென்று இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டன. பிறகு சட்டென்று அறுந்தது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் அறுந்தது. டாக்டரம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

போன் அடித்தது. நஸீமாதான்.

"வரலீங்களாத்தா?"

டாக்டரம்மா ரிசீவரை வாங்கினார். "நஸீமா, பிரஷர் எவ்ளோ? ... அவ்ளோ கொறவா? நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை குடுத்துட்டியா?"

எதிர்ப்பக்கக் குரல் எனக்கும் கேட்டது. "கையில எடுத்து வெச்சிருக்கேன் மேடம். நெஞ்சுவலின்னா அதத்தான குடுக்கச் சொல்லியிருக்கீங்க. உங்களக் கேட்டுட்டுக் குடுக்கலாமுன்னு..."

"குடுக்காத. நான் ஈசிஜியப் பாக்குற வரைக்கும் குடுக்காத. இதயத்தோட அடிப்பக்கத்தக் காட்டுற லீடுங்கள்ல கோடு தூக்கி நிக்குதா?"

"தூக்குனாப்லதான் இருக்கு மேடம். எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலீங்க. அவரு சம்சாரம் என் கையப் புடிச்சுட்டு நிக்குறாங்க. மாத்திரையக் குடு குடுன்னு கேக்குறாங்க."

பின்னால் ஒரு பெண்குரல் உடைந்து கேட்டது: "சாமி, அந்த மாத்தரயக் குடு கண்ணு. கையில வெச்சுக்கிட்டே நிக்கறயே."

டாக்டரம்மா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பாய், இதுல ஒரு வகை இருக்கு. அந்த மாத்திரை குடுத்தா பிரஷர் இன்னும் விழுந்து ஆளே போயிருவாரு. இன்னொரு வகைக்கு அதக் குடுக்காம இருக்குறது தப்பு. படத்தப் பாக்காம நான் சொல்ல முடியாது."

ஆக்சிஜனோடு ஜீப் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. ஆனால் வழி நீளம். நஸீமா மறுபடி ஒயரை மாற்றினாள். அவள் குரல் போனதும் மறுபடி இருட்டு.

எங்கள் மருத்துவமனையில் மட்டும் லைன் இரண்டு. பழனிசாமி இன்னொரு போனில் டவுன் ஆபீஸைப் பிடித்து ரிசீவரை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். காலையில் கிண்டல் செய்த மனுஷர் இப்போது வேர்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் சொன்னார்: "அந்த ஒரு என்ட்ரிய டெலீட் பண்ணிட்டுப் புதுசா நம்பரப் போட்டு அடிங்க பாய். கரப்ட் ஆயிருக்கும்."

மவுஸ் 'டெலீட்' என்ற வார்த்தையின் மேல் போய் நின்றது. அழுத்தினால் வேலை எளிது. ஆனால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் பழைய அமைப்போடு காத்திருக்கிறது. இந்தப் பக்கம் என்ன இருந்தது என்பதை அழித்துவிட்டால் எதை எதோடு பொருத்துவேன்? "இல்லீங்க சார்" என்றேன். மேனேஜரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

"பாய், உங்களுக்கு எது செரின்னு படுதோ அதச் செய்ங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார் டாக்டரம்மா.

காதில் விழுந்தது

மோடத்தின் ஸ்பீக்கர் சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டு மூன்றாம் முறை டயல் செய்தேன்.

திண்ணனூர் மோடம் இணைகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று பழனிசாமியைக் கேட்டால் சொல்வார். மற்ற இரண்டும் கீச்சிட்டு, கரகரத்து, மேலே மேலே ஏறி அடங்கும். திண்ணனூர் மட்டும் இரண்டு முறை கூவிவிட்டு, கரகரப்பே இல்லாமல் தாழ்ந்த குரலில் நின்றுவிடும். அன்று அது தேவனூரைப் போலக் கரகரத்தது. ஏறப் பார்த்தது. ஏற முடியாமல் அறுந்தது.

அப்போதுதான் புரிந்தது. திண்ணனூருக்குப் போகும் கம்பி பலாமரங்களுக்கும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கும் நடுவே போகிறது. மழையில் இலை உரசும், வெயிலில் கம்பி தொய்யும். எந்நேரமும் லைனில் இரைச்சல். வேகமாகப் பேசினால் அந்த லைன் தாங்காது. அதனால் ஒரு மழைக்காலம் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, அந்த இணைப்புக்கு மட்டும் மோடம் மெதுவாகப் பேசும்படி ஒரு நீண்ட கட்டளையை எழுதி வைத்திருந்தேன். புதிய வெர்ஷன் போன் நம்பரை எடுத்துக்கொண்டது. பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டது. திரையில் எத்தனை நிறம் காட்ட வேண்டும் என்பதைக்கூட எடுத்துக்கொண்டது. நான் கைப்பட எழுதிய அந்தக் கட்டளையை மட்டும் விட்டுவிட்டுத் தன்னுடைய வழக்கமான வேகத்தைப் போட்டுக்கொண்டது. அமைப்புகள் எல்லாம் வந்துவிட்டன என்று திரை சொன்னது. நானும் பெயர்களைப் பார்த்துவிட்டு நம்பியிருந்தேன்.

எழுத்தும் குறியுமாகப் போகும் அந்தக் கட்டளை எனக்கு மனப்பாடம் கிடையாது. டி டிரைவைத் திறந்தேன். காலையில் எடுத்த காப்பி அப்படியே இருந்தது. பழைய பைலைத் திறந்து, அந்த ஒரு வரியை எடுத்து, புதிய வெர்ஷனில் திண்ணனூரின் மோடம் கட்டத்தில் ஒட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. டயல் செய்தேன்.

இரண்டு முறை கூவியது. கரகரப்பில்லாமல் தாழ்ந்தது. நின்றது.

"யா அல்லாஹ்" என்றேன். "முருகா" என்றார் பழனிசாமி.

திரை மேலிருந்து கீழாக, பாய் விரிப்பதுபோல மெல்ல மெல்ல விரிந்தது. முதலில் கட்டங்கள். பிறகு கோடுகள். டாக்டரம்மா என் தோளின்மேல் குனிந்து, பாதிப் படம் வரும்போதே "போதும், தெரிஞ்சிருச்சு" என்றார். அவர் பயந்த வகைதான் அது.

ரிமோட்டில் இன்னொரு வசதி உண்டு. இங்கே தட்டச்சு செய்வது அங்கே திரையில் விழும். நோட்பேடைத் திறந்துகொடுத்தேன். டாக்டரம்மா ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடித்தார்: நாக்கடி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல். டிரிப் போடு. காலைத் தூக்கி வை.

பிறகு அதற்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக வந்தது: போட்டுட்டேன் மேடம். பிரஷர் ஏறுது. லைன விட்டுராதீங்க.

விடவில்லை. ஜீப் போய்ச் சேர்ந்து, அவர்கள் நோயாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பும்வரை அந்தத் தாழ்ந்த வேகத்தில் அந்த லைன் ஒருமுறைகூட அறாமல் நின்றது. மேனேஜர் திரும்பக் கூப்பிட்டு, "புதுசா போட்டீங்களா பாய்?" என்று கேட்டார். "பழசத்தானுங்க போட்டேன், புதுசுக்குள்ள" என்றேன். பழனிசாமி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

இளையவர்களுக்கு

அப்கிரேடு செய்யும்போது பழையதை அழிக்காதீர்கள்; முழுசாகக் காப்பி எடுங்கள். இது எல்லோரும் சொல்வது. நான் கற்றது வேறு. செட்டிங்ஸ் வந்துவிட்டதா என்று பெயர்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருப்பதிலேயே மோசமான லைன் எதுவோ, எதற்காக நீங்கள் கையால் தனியாக ஏதோ செய்து வைத்தீர்களோ, அதை முதலில் கூப்பிட்டுப் பாருங்கள். நல்ல லைன் எந்த வெர்ஷனிலும் வரும்.

அந்த நோயாளி பெயர் சடையன். மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போது வலி வந்திருக்கிறது. அன்றே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். மறுவருஷமும் மரமேறி டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினார். ஆனாலும் பேக்ஸ் மெஷின் எங்காவது மோடம் போலக் கீச்சிட்டால் இன்றும் என் கைகள் சில்லிட்டுப் போகின்றன. ஜெயித்த நாள்தான் அது, தெரியும். கைக்கு அது தெரியவில்லை.

அன்று ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சடையன் படுத்தபடியே, "ஏனுங், ஏணிய அங்கயே வுட்டுட்டு வந்துட்டனுங்" என்றார். அவர் மனைவி, "பேசாமப் படுய்யா, ஏணியாம் ஏணி" என்று அதட்டிவிட்டு அழுதாள். அவரைப் பார்க்க டாக்டரம்மா ஜீப்புக்குள் ஏறினார்.

கடைசியாக நஸீமா இறங்கினாள். சீருடை முழுக்க செம்மண். நேராக என்னிடம் வந்து, எல்லோர் முன்னாலும், பழனிசாமி கேட்கும்படியாகவே சொன்னாள்:

"அத்தா, நாளைக்குக் காலையில மொதல்ல எங்க லைன டெஸ்ட் பண்ணுங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."