ஆடும் கையின் சாட்சி

தலைமுடியில் வெண்பசை திட்டுத்திட்டாக ஒட்டியிருக்க, களியக்காவிளை பேருந்து நிலையத்தில் நின்று என் தாய்மாமா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நாள் குறித்துவைப்பது என் வழக்கம்: மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்குக் கொடியேறிய ஞாயிறை அடுத்த செவ்வாய். கொடைக்குப் போகிற பெண்கள் எங்களைக் கடந்தார்கள். "ஏட்டி, அந்தாளு பகல்லேயே ஏத்தியிருக்காரு போல" என்றாள் ஒருத்தி. அது காதில் விழுந்ததும் மாமாவின் சிரிப்பு இன்னும் கூடியது. அதுவரை அவரை உறங்கவிடாத பேச்சு அதுதான்.

மாமா, புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர். திருவிருந்தன்று திராட்சைச் சாறு நிரப்பிய சிறு கிண்ணங்களைத் தட்டில் ஏந்தி, முழங்காலிட்டிருப்பவர்களின் வரிசையில் கொண்டுபோவது அவர் பொறுப்பு. புளிக்காத சாறுதான். கல்யாண வீட்டுக் கேக்கில் ரம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே தட்டை நகர்த்திவைக்கிற மனிதர் அவர். அவர் கைதான் நடுங்கத் தொடங்கியது. மடியில் கிடக்கும்வரை சும்மா இருக்கும். எதையாவது எடுக்க நீண்டால் ஆடும். கிண்ணங்கள் கிலுகிலுத்தன. முன்வரிசைப் பெண்களின் வெள்ளைச் சேலைகளில் சாறு தெறித்தது. "சாயங்காலமானா வெள்ளமடியாக்கும்" என்று, குடிதான் காரணம் என ஊர் முடிவுகட்டியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பெரிய வியாழன் திருவிருந்துக்கு முன் வேறு மூப்பரைப் போடவேண்டும் என்று சபையில் வெளிப்படையாகவே கேட்டார். மாமா சோற்றை அளைந்தபடி என்னிடம் சொன்னார்: "தட்டை வாங்கினா வாங்கட்டும் மக்கா. குடிகாரன்னு சொல்லில்லா வாங்குகானுவ."

அதனால்தான் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போனேன். நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி. மாமாவின் மண்டையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டவைத்தார். மணிக்கட்டுத் தசையிலும் இரண்டு. தண்ணீர் நிறைந்த தம்ளரை எடுக்கச் சொன்னார். திரையில் மேலே மூளையின் அலை, கீழே தசையின் அலை. வலது கை ஆடியபோது இடப்பக்க மூளையிலிருந்து வந்த கோடும் அதே தாளத்தில் எழுந்து விழுந்தது. சிறிது நேரம் இரண்டும் சேர்ந்து ஓடின, பிறகு விலகின, மறுபடி சேர்ந்துகொண்டன; எங்கள் பாடகர் குழுவும் ஆர்மோனியமும் போல. இந்த நடுக்கத்தைப் பற்றி நான் படித்திருந்ததும் அதுதான்: கோளாறு கையில் இல்லை. சிறுமூளையிலிருந்து புறப்பட்டு மூளையின் நடுப்பகுதி வழியாகச் சுற்றிவருகிற ஒரு தாளம், கையையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. மாமாவின் அப்பாவுக்கும் கை ஆடியதைக் கேட்டறிந்த மருத்துவர், மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "இது குடிச்சு வந்ததில்ல சேட்டா. பலருக்கும் ஒரு பெக் உள்ள போனா நடுக்கம் கொறச்சு நேரம் நிக்கும். அதுக்காகக் குடிக்கண்டா, கேட்டோ. பிறகு கூடும்."

மாமா தம்ளரை மேசையில் வைத்தார். பிறகு கம்பிகளோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திரையில் கோடுகள் கண்டபடி பாய்ந்தன. "அங்கிள், சிரிக்காதீங்க, எல்லாம் கெட்டுப்போகுது" என்று கருவியை இயக்கிய பெண் கத்தினாள். அந்தச் சிரிப்பு களியக்காவிளை வரை ஓயவில்லை.

பெரிய வியாழனுக்கு நான்கு நாள் முன், குருத்தோலை ஞாயிறு மாலை சபைக்கூட்டம். தலைமையாசிரியர் பேச்சைத் தொடங்குமுன் மாமா எழுந்து, விளிம்புவரை நிரம்பிய தம்ளரை எடுத்து நீட்டினார். தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது.

"பாத்துக்கிடுங்க சாரே. இப்ப சாயங்காலம். நீங்க சொல்லுக கணக்குக்கு நான் குடிச்சிருக்கணும். குடிச்சா எனக்க கை நிக்கும்னு டாக்டரம்மா சொல்லுகாங்க. நிக்குதா?"

நான் மருத்துவரின் அறிக்கையை வாசித்தேன். மாமா சும்மா இருக்கவில்லை. "இனி கை ஆடாம இருக்கவனுவளத்தான் சந்தேகப்படணும்" என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி உதறி, "மூப்பரே, எனக்கும் ஆடுது, எழுதிக்கிடும்!" என்றார். தலைமையாசிரியர் தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மூப்பரை மாற்றும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

மருத்துவர் கொடுத்த மாத்திரை நடுக்கத்தைக் குறைத்தது, நிறுத்தவில்லை. இன்றும் மாமாவேதான் தட்டேந்துகிறார். கிண்ணங்களைப் பாதியளவு நிரப்புகிறோம், அவ்வளவே. முன்பு அந்தக் கிலுகிலுப்பு நெருங்கினால் சேலையை இழுத்துக்கொண்டவர்கள், இப்போது அதைக் கேட்டுத்தான் தலை நிமிர்கிறார்கள்.

ஆனால் நான் எப்போதும் நினைத்துப் பார்ப்பது அந்தப் பெரிய வியாழனை. வரிசையின் கடைசியில் தலைமையாசிரியர் முழங்காலிட்டிருந்தார். மாமா அவர்முன் குனிந்தபோது தட்டு படபடத்தது. ஒரு துளி அவர் வெள்ளைச் சட்டைக் கையில் விழுந்தது. தாங்கிப் பிடிப்பதற்காகப் போதகர் ஓரடி முன்னே வந்தார். தலைமையாசிரியர் தலை தூக்காமலேயே கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"விடுங்க போதகரே," என்றார். "ஆடட்டும்."