பேர்ச் மரம் காத்திருப்பதில்லை

குளிர்நாடு ஒன்றின் வில் என்னும் நகரில், சமையலுக்கான குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அருட்செல்வன் தச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வதிவிட அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர். அந்த நாட்களில் அவருடைய வாழ்க்கை பற்றிய ஒவ்வொரு முடிவையும் வேறு யாரோதான் எடுத்தார்கள். பிறகு அனுமதி கிடைத்தது, தொழில் படித்தார், கலாவதியை மணந்தார். ஆனால் காத்திருக்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எதைக் கேட்டாலும் "பொறுத்துப் பாப்பம்" என்பார்.

வேலையில் அவர் கைக்கு வருவதெல்லாம் மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகைகள். நல்ல மரத்தில் ஏதாவது செய்யும் ஆசையில், ஒருநாள் விறகுக் குவியலிலிருந்து பேர்ச் என்னும் வெண்பட்டை மரத்தின் தடித்த கட்டை ஒன்றை எடுத்து முக்காலி செய்தார். வேலையிடத்தில் காலைத் தேநீருக்கு அதில்தான் உட்காருவார். வேறு அலுவலாகத் தொழிற்சாலைக்கு வந்த திரேசாவின் கண்ணில் அது பட்டது. திரேசா அந்தப் பகுதிக் காடுகளைப் பராமரிக்கும் வன அதிகாரி.

"இது பேர்ச்தானே? நாங்கள் எரிக்கக் கொடுக்கிற மரம்!" என்று முக்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமையே அவரை ஒரு மலைச்சரிவுக்குக் கூட்டிப் போனார். முன்னொரு பெரும்புயலில் அங்கிருந்த ஊசியிலை மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டனவாம். வெறும் நிலத்தில் யாரும் நடாமலே முளைத்தது பேர்ச். இப்போது வெண்பட்டையோடு நேராக, வானத்தைத் தொட நின்றது. எதிர்ச் சரிவில் மிஞ்சிய ஊசியிலை மரங்கள் வெயிலிலும் வண்டுகளாலும் செம்பழுப்பாய்க் காய்ந்துகொண்டிருந்தன.

"இங்கே பேர்ச் நன்றாக வளரும். உட்கார வாங்கில், நிலத்துக்குத் தளப்பலகை, ஒட்டுப்பலகை எல்லாம் செய்யலாம். பேர்ச் பலகையை நாங்கள் வடநாடுகளிலிருந்து இறக்குகிறோம், எங்கள் மரம் வெந்நீர்க் கொதிகலனுக்குப் போகிறது. செய்ய ஆள் இல்லை. நீங்கள் தொடங்குங்கள், மரம் நான் தருகிறேன்" என்றார் திரேசா.

குளிர்காலத்தில் நல்ல மரங்களாகத் தேர்ந்து வெட்டி, காட்டுப்பாதை ஓரம் அவருக்காக அடுக்கி வைத்தார். "வெயில் ஏற முன்னர் அறுத்துவிடுங்கள். பட்டை ஈரத்தை வெளியே விடாது, உள்ளே அழுகிவிடும்" என்றும் சொன்னார். அருட்செல்வனுக்கும் அது தெரியும்.

பட்டறைக்கு ஒரு பழைய மாட்டுக்கொட்டில் கிடைப்பதாக இருந்தது. கலாவதியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

"நல்ல வெளிச்சமா இருக்கு. எடுங்கோவன்," என்றாள் அவள்.

"வேலையை விட்டிட்டு, பிறகு சரிவராட்டி?"

"ஏன் விடுறியள்? முதல்லை சனி ஞாயிறிலை செய்து பாருங்கோ. நான் வேண்டாமெண்டு சொன்னனானோ?"

"ஓம், ஓம். பொறுத்துப் பாப்பம்."

சித்திரை போனது. அறுக்கும் இயந்திரத்தோடு வருகிற ஆளை ஒருதரம் கூப்பிட நினைத்தார், அன்று மழை. கொட்டில் சொந்தக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தார். ஆடி வெயில் கொளுத்தியபோது அருட்செல்வனுக்கு மரங்களின் நினைவு வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் போகத்தான் கால் எழவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் போனார். திரேசாவும் வந்திருந்தார். அடுக்கு வைத்தபடியே இருந்தது, பட்டை அதே வெள்ளையாக. அருட்செல்வனுக்கு மனம் இலேசானது. கொண்டுவந்த இயந்திர வாளை முடுக்கி முதல் மரத்தின் நுனியை வெட்டினார். உள்ளே சாம்பலும் பழுப்புமாய்க் கோடுகள், காளான் மணம். பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். புதைந்தது. அடுத்ததையும் வெட்டினார். அதற்கடுத்ததையும். பிறகு வாளை நிறுத்திவிட்டார்.

திரேசா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "இந்தக் குளிர்காலமும் வெட்டுவோம். மலைப்பக்கத்துத் தச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆனால் முதலில் உங்களிடம் கேட்க நினைத்தேன்" என்றார்.

"அவருக்கே கொடுங்கள்."

வாயிலிருந்து சட்டென்று வந்துவிட்டது. ஒரு கோடை முழுக்க எடுக்க முடியாத முடிவை ஒரு மூச்சில் எடுத்திருந்தார், அதுவும் கைவிடும் பக்கமாக. வேண்டாம், எனக்கே தாருங்கள் என்று திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. வாகனம் வரை சேர்ந்துதான் நடந்தார்கள். சொல்லவில்லை.

மறு வருடம் புதிதாகக் கட்டிய பாலர் பள்ளி ஒன்றில் குசினி அலுமாரிகளைப் பொருத்த அவரை அனுப்பினார்கள். நடைவழி நெடுகப் பிள்ளைகள் சப்பாத்து மாற்றும் வாங்கில்கள். பேர்ச்சின் பால் நிறம், பட்டுப் போன்ற வழுவழுப்பு. எந்தச் சரிவின் மரம் என்று யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. குனிந்து பொருத்துகளைத் தடவினார். எங்காவது ஒரு பிழை அகப்படாதா என்று தேடினார். இல்லை. நல்ல கைகாரன் செய்த வேலை.

ஒரு சிறுமி ஓடி வந்து ஒன்றில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். அவர் எழுந்து குசினிக்குள் போனார்.

இரவுச் சாப்பாட்டில் கலாவதி கேட்டாள்: "இண்டைக்கு எங்கை வேலை?"

"ஒரு பாலர் பள்ளியிலை."

"பள்ளி பாக்க வடிவா இருக்கோ?"

"ஓம்," என்றார் அருட்செல்வன். "நல்ல வடிவு." பிறகு தண்ணீரை எட்டி எடுத்துக் குடித்தார்.